எந்த லிஸ்தோ?

வந்திருக்கும் முதலீட்டாளர்களுக்குக் காட்ட ஒரு மருந்துப் பெட்டி வேண்டும். அதை எடுக்கத்தான் நூபியா கிடங்குக்கு இறங்கினாள். குளிர் அறையின் கதவைத் திறந்ததும் வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்தது போல முகத்தில் வெக்கை அடித்தது. கதவுக்கு மேலிருந்த பலகையோ, பச்சை எழுத்தில் நான்கு டிகிரி என்று சாதித்துக்கொண்டிருந்தது.

"துவான்! மூணு நாள் லீவுக்கு முன்னாடியே, குளிர் அறைல கரண்ட் போச்சு, ஜெனரேட்டரப் போடுன்னு சொன்னேனே?"

கிடங்குப் பொறுப்பாளன் துவான் புன்னகைத்தான். "சொன்னீங்க மேடம். லிஸ்தோன்னு பதில் அனுப்புனேனே."

"அப்ப போட்டியா இல்லயா?"

"இல்ல மேடம். நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, அதுக்குத்தான் லிஸ்தோ. அதுக்குள்ள நாற்காலி தூக்க முதலாளி கூப்பிட்டுட்டாரு."

மெதெயின் நகரத்தில் அந்தச் சொல் பெரிய மாயக்காரி. 'சரி, கேட்டுக்கொண்டேன்' என்பதற்கும் லிஸ்தோதான், 'வேலை முடிந்தது' என்பதற்கும் லிஸ்தோதான். கம்பெனி கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்து, யாருக்கு என்ன பெயர் என்றே தெரியாமல் போனபோது, நெருக்கடியில் யாரும் நீட்டி முழக்கக் கூடாது, ஒற்றை வார்த்தை போதும் என்று சட்டம் போட்டவள் நூபியாவேதான். பெற்ற தாயிடம்கூட, "போன்ல ஊர்க்கதை வேணாம்மா, லிஸ்தோன்னு சொன்னாப் போதும்" என்று பழக்கி வைத்திருந்தாள்.

முதலாளி ஹாக்கோபோ அவளுக்கும் ஒரு படி மேல். போன மாதம் அபாய மணி அலறி எல்லோரும் பதறியதும், மணியின் வயரைப் பிடுங்கச் சொன்னான். கடைசியாகப் பதிவான நல்ல அளவையே பலகை காட்டிக்கொண்டிருக்கும்படி செய்துவிட்டான்.

அந்த ஊசி மருந்தில் சூடு படக் கூடாது. பட்டதை ஏற்றிக்கொண்டால் மூச்சு அடைக்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. காலையிலிருந்து அதை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

நூபியா படியேறி ஓடினாள். கண்ணாடிக் கூடத்தில் முதலீட்டாளர்கள் காப்பியோடு அமர்ந்திருந்தார்கள்.

"ஹாக்கோபோ, வண்டிய எல்லாம் நிறுத்து! மருந்து கெட்டுப்போச்சு!"

அவன் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. "லிஸ்தோ" என்றான். நாற்காலியை விட்டு எழவில்லை.

பக்கத்து மேசைப் பெண்ணும் "லிஸ்தோ" என்றாள். அவளுக்கு அடுத்தவனும் சொன்னான். கூடம் முழுக்க மேசை மேசையாக அந்தச் சொல் நகர்ந்தது. எல்லோருக்கும் ஒரே குரல், நூபியா சொல்லிக்கொடுத்த அதே பதமான குரல். ஒருவர் கையும் போனைத் தொடவில்லை. ஜன்னலுக்குக் கீழே இன்னொரு வண்டி வாசலைத் தாண்டிப் போனது.

கத்துவதற்காக நூபியா வாயைத் திறந்தாள். "லிஸ்தோ" என்று வந்தது, மென்மையாக, தேன் தடவியது போல. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. முதல் வண்டியின் முதல் வீடு, பெயோ ஊரில் இருக்கும் அம்மா ஒஃபேலியாவின் வீடு. மூட்டு வலிக்காரி காத்திருக்கக் கூடாதென்று அந்த வரிசையைப் போட்டவளும் நூபியாதான். வாயிலிருந்து கையை எடுத்து, அம்மாவைப் போனில் அழைத்தாள்.

"அம்மா, ஊசி வந்துச்சா?"

"வந்துச்சு கண்ணு."

"அதத் தொடாதம்மா! போட்டுக்காத! கேக்குதா?"

"லிஸ்தோ, கண்ணு."

"எந்த லிஸ்தோம்மா? கேட்டுக்கிட்டியா, போட்டுக்கிட்டியா?"

அத்தனை பேருக்கும் நடுவில் அலறினாள். விருந்தாளிகள் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. மாடி ஏறி வந்தவளின் மூச்சு போலவும் இருந்தது, அப்படி இல்லாதது போலவும் இருந்தது.

"அம்மா, ஒரு வார்த்தை சொல்லு!"

பழக்கிவைத்த பிள்ளை மாதிரி அம்மா சொன்னாள்.

"லிஸ்தோ."