இறகு அசைந்த பிள்ளைகள்

"இந்தப் பக்கம் வந்து கேளுங்க சாமி. ஆத்தாவுக்கு இடது காதுதான் கேக்கும்" என்றான் மகன் யோஸ்ட்.

பங்குச்சாமியார் கட்டிலைச் சுற்றி வந்தார். எல்ஸ்பெத்துக்கு நேற்றே வாய் இழுத்துக்கொண்டது. வலது கையில் மட்டும் கொஞ்சம் உயிர். யோஸ்டின் மனைவி வெரேனா அதைத் தன் கைகளுக்குள் வைத்திருந்தாள். பேச முடியாதவர்கள் கையை அழுத்தினால் 'ஆமாம்' என்று பொருள். கையைப் பிடித்திருப்பவர் சாட்சி.

எல்ஸ்பெத் இருபது வருடம் மாதா கோயிலில் வேலை பார்த்தவள். செத்துப் பிறந்த பிள்ளைகளைப் பனிமலை தாண்டிக்கூடக் கூடையில் தூக்கி வருவார்கள். தணல் சட்டிகளுக்கு நடுவே பிள்ளையைக் கிடத்தி, உதட்டின் மேல் வாத்து இறகு ஒன்றை வைப்பாள். சூடேறினால் காற்று மேலே எழும், இறகு அசையும். அசைந்தால் மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். அப்புறம் பிள்ளைக்குக் கல்லறைச் சுவருக்குள்ளே இடம், மோட்சமும் உண்டு. அசையாவிட்டால் சுவருக்கு வெளியே. வெரேனாவின் மகன் ஆறு வருடமாக உள்ளே, தெற்கு மூலையில் இருக்கிறான்.

இறகு அசையாதபோது எல்ஸ்பெத்தே ஊதினாள் என்று யாரோ ஆயருக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள்.

"ஊதினது நெசமா இருந்து, மனசு வருந்தி மனஸ்தாபப்பட்டா மன்னிப்பு உண்டு" என்றார் சாமியார். "படிச்ச பெரியவங்க சொல்றது இதுதான்: மனுசன் தன்னால முடிஞ்சதச் செஞ்சா, ஆண்டவர் அருளை மறுக்கிறதில்ல. இவங்களால முடிஞ்சது ஒரு விரல். அது போதும்."

"பிள்ளைங்க?" என்றாள் வெரேனா.

"ஊதினதுன்னு ஆயிட்டா, அது பிணத்து மேல ஊத்தின தண்ணிம்மா. எல்லாத்தையும் தோண்டி வெளிய புதைக்கணும்னு ஆயர் உத்தரவு. எந்தப் பிள்ளைக்கு ஊதினாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"பச்சப்புள்ள என்ன சாமி பாவம் பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ண முடியாது. அதான் சிக்கலே."

"ஆத்தா அழுத்தலைன்னா?" யோஸ்ட் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"ஊதினதுக்குச் சாட்சி இல்ல, கல்லறைய யாரும் தொடமாட்டாங்க. ஆனா மனஸ்தாபப்படாததால இவங்களுக்குக் கடைசி எண்ணெய், அவஸ்தைப்பூசுதல் கிடையாது. அடக்கமும் வெளியதான்."

அவர் குனிந்தார். "எல்ஸ்பெத்தம்மா, ஊதினீங்களா? அதுக்காக மனஸ்தாபப்படுறீங்களா?"

நான்கு விரல்களும் மூடின. நாற்பது வருடம் மாவு பிசைந்தவளின் பிடி. வெரேனாவின் விரல் முட்டிகள் நெரிந்தன.

"என்னம்மா?"

"அழுத்தல சாமி."

மறுபடி கேட்டார். நகம் பதியும்படி அழுத்தினாள் எல்ஸ்பெத். கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தாள்.

"இல்ல."

மூன்றாவது முறை வெரேனா 'இல்ல' என்றது உண்மையாகவே இருந்தது.

சாமியார் எண்ணெய்க் குப்பியைத் திறக்காமலே பைக்குள் வைத்தார். நண்பகல் மணிக்கு முன்பே எல்ஸ்பெத்தின் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை சுவருக்கு வெளியே யோஸ்ட் குழி வெட்டினான். வெரேனா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தாள்.

"கொஞ்சங்கூட அழுத்தலையா?" மண்வெட்டியை நிறுத்தாமல் கேட்டான்.

"கல்லு கிடக்கு. பாத்துத் தோண்டுங்க."

அவன் வெட்டிப்போட்ட கற்களைப் பொறுக்கி, அவள் சுவரோரம் அடுக்கத் தொடங்கினாள்.