அண்ணன் கழுத்து

இதயம் தளர்ந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் நிபுணர் என்று அவள் அறை வாசலில் பலகை தொங்கியது. பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டி போலப் பட்டங்கள். பொது மருத்துவம், இதய மருத்துவம், அதற்கும் மேலே இதயத் தளர்ச்சிக்கென்றே தனிப் பயிற்சி. அத்தனைக்கும் அடியில் கிடந்தது அவளுடைய அண்ணன் கழுத்து. பலகையில் அது இல்லை.

கழுத்தில் ஒரு ரத்தக்குழாய் உண்டு. ஆளைப் பாதி சாய்வாகப் படுக்கவைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அது துடிப்பது தெரியும். நல்ல இதயமென்றால் கழுத்தடியில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்; துடிப்பு உயரே ஏறியிருந்தால் இதயம் திணறுகிறது என்று பொருள். படிக்கிற காலத்தில் அது அவள் கண்ணுக்கு லேசில் பிடிபடவில்லை. எலெக்ட்ரீஷியன் வேலை முடித்து அலுத்துச் சலித்து வரும் அண்ணன், அவள் பார்த்துப் பழகத் தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொடுப்பான். "சீக்கிரம் பாருடி, பசி உயிர் போகுது" என்பான். அவள் பார்த்து முடிப்பதற்குள் குறட்டையே விட்டுவிடுவான்.

பயிற்சியெல்லாம் முடிந்து வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனாள். "என்ன டாக்டரம்மா, பழைய பாடமெல்லாம் மறந்துபோச்சா?" என்று கிண்டலடித்தபடி பழக்கதோஷத்தில் சோபாவில் சாய்ந்தான். சிரித்துக்கொண்டே போன் வெளிச்சத்தை அடித்தாள். காதுமடல்வரை துடித்தது.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். தலையணையை மாற்றினாள், நிஜ டார்ச்சைத் தேடி எடுத்துவந்தாள். முன்பின் தெரியாதவர் கழுத்தாக இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாள். கணுக்காலை அழுத்தினாள். நீர் கோத்த வீக்கம், குழி விழுந்தது.

"மூச்சு வாங்குதாண்ணா?"

"ஏணி ஏறினா வாங்கும். தொப்பை போட்டுடுச்சுல்ல."

"இது தொப்பை இல்ல. கிளம்பு."

சொந்த அண்ணனுக்கு மருந்து எழுதக் கை வரவில்லை. தலைமை மருத்துவரிடம் ஒப்படைத்தாள். சமீபத்தில் வந்துபோன காய்ச்சல் இதயத்தசையைப் பதம் பார்த்திருக்கிறது, இன்னும் நாள் கடத்தியிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் அவர். அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு சாமியைக் கும்பிட்டாளோ இல்லையோ, நாத்தனாரைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டாள். தங்கைக்குக் கூச்சமாகப் போயிற்று. அந்தக் கழுத்து எப்படி இருக்கவேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம், மனப்பாடமாக்கியவன் அவன்தானே! உண்மையில் அவள்தான் அவனைக் கும்பிட வேண்டும்.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஸ்கேனும் நல்ல சேதி சொன்னது. ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வார்டுக்குப் போய், சாய்ந்திருந்தவன் கழுத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்து வழிந்தது.

அண்ணன் பதறிப்போனான். "எதுக்குடி அழற? ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியலண்ணா" என்றாள். "அதான்."