பருக்கை இல்லாத கஞ்சி

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பஞ்சாலை என்பவளைக் கேட்டில் பிடித்துக்கொண்டு போன அன்று தோட்டமே மிரண்டு கிடந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் இராஜமாணிக்கம் கிராணிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். மனுஷன் கெட்டவர் இல்லை. படித்தவர், அவ்வளவுதான்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் அது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு வாய் சோறு போய்விடக் கூடாதென்று கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி முந்தானை வரைக்கும் உதறிப் பார்ப்பார்கள். பஞ்சாலை கைக்குழந்தைக்காரி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. மரங்களுக்கு நடுவே குடித்துக்கொள்ளலாமென்று ஒரு போத்தலில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி வாளிக்குள் வைத்துக்கொண்டு போனாள். காவல்காரன் டார்ச் அடித்துப் பார்த்தான். போத்தலின் அடியில் சில சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

தோட்டத்து மேனேஜரான பெரிய துரை அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். அவள் புருஷன் மாயாண்டியைக் கூப்பிட்டு, குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல், பச்சைப் பிள்ளைக்காரி என்று நான் ஒரு வார்த்தை சொல்கிறேன், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்றார். அதைத் தமிழில் சொன்னவர் கிராணிதான். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெளியே வந்ததும் மாயாண்டியை ஓரமாக அழைத்துப் போனார். "ஒத்துக்க வேணாம் மாயாண்டி. ஒத்துக்கிட்டா காலத்துக்கும் கறுப்புப் புள்ளி. கேஸ நடத்துவோம்."

"தொரையே சொல்றாருங்களே ஐயா."

"கேட்டுல தொங்குற நோட்டீசு யாரு எழுதுனது? நான். என்ன எழுதியிருக்கேன்? சோறு கொண்டு போகக் கூடாது, குடிக்கத் தண்ணி கொண்டு போகலாம். கஞ்சித் தண்ணி சோறா? குடிக்கிறதுதானே?"

மாயாண்டி யோசித்தான். கஞ்சித் தண்ணீர் குடிக்கிறதுதான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'எந்த உணவும்' என்று இருந்ததைக் கிராணி 'சோறு' என்று சுருக்கியிருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது.

கிராணிக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு நாடகத்திலிருந்து. சிரம்பான் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வருஷம் அவருக்குப் பாடமாக இருந்த பழங்கால நாடகம். வேற்று மதத்து வட்டிக்காரன் ஒருவன். ஊரே காறித் துப்புகிற ஆள். கடன் தவறினால் உடம்பிலிருந்து ஒரு துண்டு சதை என்று ஒரு வியாபாரியிடம் எழுதி வாங்கியிருக்கிறான். கோர்ட்டில் எல்லோரும் இரங்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். எனக்குச் சட்டம்தான் வேண்டும் என்கிறான் அவன். ஆண் வேஷத்தில் ஒரு பெண் வக்கீலாக வந்து, சதையை எடுத்துக்கொள், ஆனால் ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது, பத்திரத்தில் ரத்தம் இல்லை என்கிறாள். தீர்ந்தது. வட்டிக்காரன் சொத்தையும் இழந்து, மதத்தையும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறான். மேடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்தப் பெண் வக்கீல் வேஷம் போட்டவர் நம் கிராணி. கைதட்டல் வாங்கினார். நீதியும் கருணையும் கைகோத்து நடக்கும் நாடகம் இது என்று வெள்ளைக்கார வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைப் பரீட்சையில் எழுதி முதல் மார்க்கும் வாங்கினார். சட்டத்தின் எழுத்தை உற்றுப் பார்த்தால் ஏதாவது ஒரு சந்து கிடைக்கும் என்று அன்றைக்குப் பிடித்த நம்பிக்கை, இருபது வருஷம் கணக்கெழுதியும் போகவில்லை. அந்த வட்டிக்காரன் அன்றிரவு எங்கே போய்ப் படுத்தான் என்று ஒரு நாளாவது யோசித்தாரா? கிடையாது.

சிரம்பான் கோர்ட்டில் பஞ்சாலை கூண்டில் நின்றாள். மிச்சமிருந்த பால் கசிந்து சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. சொல்லிக்கொடுத்தபடி, குற்றமில்லை என்றாள். மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர், சிவந்த முகம், சாந்தமான குரல். "நன்றாக யோசித்தாயா? ஒத்துக்கொண்டால் குறைத்துப் போடலாம்" என்றார். துபாஷி அதைத் தமிழில் சொன்னார். அவள் கிராணியைப் பார்த்தாள். கிராணி தலையை அசைத்தார். அவளும் அசைத்தாள்.

பிறகு கிராணி சாட்சி சொல்ல ஏறினார். தன் ஆங்கிலத்தை எல்லாம் எடுத்து விரித்தார். சனங்கள் தமிழ் நோட்டீசைத்தான் படிப்பார்கள், அதில் சோறு என்றுதான் இருக்கிறது, கஞ்சித் தண்ணீர் எங்கள் பேச்சில் சோறு ஆகாது, எழுத்துப்படி பார்த்தால் இவள் எதையும் மீறவில்லை. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரசித்துக் கேட்டார். கிராணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நல்லது. உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்" என்றார் மாஜிஸ்திரேட். "தண்ணீர் கொண்டு போகலாம். சோறு கூடாது. இந்தப் போத்தலின் அடியில் கிடக்கிறதே, அதற்கு உங்கள் பேச்சில் என்ன பெயர்?"

கிராணி போத்தலைப் பார்த்தார். "பருக்கை, சார்."

"பருக்கை என்றால்?"

துபாஷி குனிந்து தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார். கிராணியே சொல்ல வேண்டியதாயிற்று. "சோறு, சார்."

"அப்படியென்றால் கஞ்சித் தண்ணீரை அவள் தாராளமாகக் கொண்டு போயிருக்கலாம். ஒரு பருக்கை அதில் இல்லாமல்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள், பெஞ்சில் இருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். அந்த வசனம் கிராணிக்குத் தெரியும். தன் வாயாலேயே சொன்ன வசனம், தனக்குக் கைதட்டல் வாங்கிக்கொடுத்த வசனம். சட்டத்தின் எழுத்தில் சந்து இருப்பது உண்மைதான். அது யாருக்குத் திறக்கும் என்பதை நாடகத்து ஊர்க்காரர்கள் முன்னமே பேசி வைத்திருந்தார்கள். நாடகம் நெடுக அதைத்தான் சொல்லியிருந்தது. அவர் நீதி என்றும் கருணை என்றும் எழுதி மார்க்கு வாங்கியிருந்தார். வக்கீலின் பக்கம் நிற்பதாக நினைத்து, ஒரு கைக்குழந்தைக்காரியைக் கொண்டுபோய் வட்டிக்காரன் நின்ற இடத்தில் நிறுத்திவிட்டார். அவருக்கு அவர்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பஞ்சாலைக்கு ஆங்கிலம் தெரியாது. சிரிப்பு தெரியும். கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்புத்தாங்க தொரை. ஒத்துக்கிறேங்க. அவராதம் கட்டிர்றோம். புள்ள பால் குடிக்கிற புள்ளைங்க."

துபாஷி சொன்னார். மாஜிஸ்திரேட் வருத்தத்தோடுதான் தலையை ஆட்டினார். "காலையில் நானே கேட்டேன். சட்டம்தான் வேண்டும் என்று நின்றார்கள். சட்டமே கிடைக்கட்டும்." இரண்டு வருஷம் என்று எழுதினார்.

பஞ்சாலையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாயாண்டி தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றான். சாப்பாட்டு வேளைக்கு வெளியே வந்த மாஜிஸ்திரேட் கிராணியைக் கண்டதும் நின்றுவிட்டார். முகம் நிறையச் சிரிப்பு. உங்கள் வாதம் எந்த நாடகத்திலிருந்து வந்தது என்று கண்டுகொண்டேன் என்று சொல்லி, எந்தப் பள்ளி, எந்த வருஷம் என்றெல்லாம் விசாரித்தார். கிளப்பில் நாங்கள் அதே நாடகம் போடப் போகிறோம், அந்த வட்டிக்காரனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை, உங்கள் ஆங்கிலமும் நன்றாயிருக்கிறது, உங்களுக்கென்றால் சாயம்கூடப் பூச வேண்டாம் என்று தோளில் தட்டினார். கிராணி, "தேங்க்யூ சார்" என்றார். பழக்கம்.

மாயாண்டி விறுவிறுவென்று ஓடி வந்தான். பெரிய மனுஷர் இவ்வளவு நேரம் சிரித்துப் பேசினால் நல்ல சேதியாகத்தானே இருக்கும்.

"என்னங்கய்யா சொன்னாரு? வுட்டுருவாங்களா?"

"இல்ல மாயாண்டி. அது வேற விசயம்."

"என்ன விசயம்?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட அந்த நேரத்தில் அவருக்குத் தெம்பில்லை.

"நாடகம் போடுறாங்களாம். வேசம் கட்ட வரச் சொன்னாரு."

குழந்தை முழித்துக்கொண்டு சட்டையைச் சப்ப ஆரம்பித்தது. மாயாண்டி அதைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு கிராணியை ஏற இறங்கப் பார்த்தான்.

"போங்க கிராணி. இன்னிக்கி உள்ளாற கட்டுனதும் வேசந்தானே."