மாப்பிள்ளை காதில் விழுந்தது பாதி

அக்கா, பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டது என்னோடு வேலை செய்யும் தொப்பி அண்ணனுக்கு. கால் பெருவிரல் நசுங்கி, கட்டுப்போட்டு அறையில் படுத்திருக்கிறார்.

எங்கள் தரைக்கல் கிடங்குக்குப் போன மாதம் தானாக ஓடும் வண்டி ஒன்று வந்தது. எந்த மொழியில் 'போ' என்றாலும் போகுமாம், 'நில்' என்றால் நிற்குமாம். குறுக்கே ஆள் இருந்தால் சொல்லாமலே நிற்குமாம். மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தி, "இதுவும் நம்ம டீம்ல ஒரு ஆளு. நம்பணும்" என்று அரை மணி நேரம் பேசினார். எங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. வண்டிக்குத் தனி இடம், தனி ப்ளக், போகிற வழியெல்லாம் நாங்கள் ஒதுங்க வேண்டும். தொப்பி அண்ணன் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார், மாப்பிள்ளை என்று.

நேற்று அண்ணன் அதைச் சுவர் ஓரமாக வரவழைத்தார். பக்கத்தில் வந்ததும் "போதும்" என்றார். அவசரத்துக்கு வாயில் வருவது அதுதானே? நிற்கவில்லை. "போதும், போதும்!" என்று கத்தினார். கத்தக் கத்த முன்னால் வந்தது. நான் ஓடிப்போய் சிவப்பு பட்டனை அமுக்குவதற்குள் சக்கரம் விரல்மேல் ஏறிவிட்டது. நீட்டிய கால் விரல் ஆள் கணக்கில் வராது போல.

மத்தியானம் மேனேஜர் ஒரு தாளோடு வந்தார்.

"வண்டிப் பதிவுல தெளிவா இருக்கு. அவன் மூணு தடவை 'போ'ன்னு சொல்லிருக்கான். தப்பு அவன்மேல. நீ சாட்சிக் கையெழுத்து போடு."

போட்டால் அண்ணனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால் என்னை என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை, முகமே சொன்னது.

"சார், அவரு போதும்னுதான் சொன்னாரு. அது முதல் எழுத்தைக் கேட்ட உடனே கிளம்பிடுது."

"மிஷின் செஞ்சவன் முட்டாளு, நீ பெரிய மேதாவியா?"

"அப்ப நீங்களே முன்னாடி நில்லுங்க சார். நான் போதும்னு சொல்றேன். நம்ம டீம் ஆளுதானே?"

எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை, அக்கா. மேனேஜர் வண்டியைப் பார்த்தார். தன் பளபள ஷூவைப் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ம்... இப்ப சொல்லு" என்றார்.

"போதும்."

மாப்பிள்ளை கிளம்பினார். நேராகப் போய்க் கல் அடுக்கில் முட்டினார். இருபது பெட்டி தூள்.

மேனேஜர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்று காலை சுவரில் அறிவிப்பு. கிடங்குக்குள் இனி யாரும் 'போதும்' என்று சொல்லக்கூடாதாம். நாளைக்குப் பயிற்சி வகுப்பு, மாப்பிள்ளைக்கு இல்லை, எங்களுக்கு. போனில் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "அதுக்குக் காது சரியில்லன்னு நம்ம வாயைத் தைக்கிறானுங்கடா!"

அவர் வேலை தப்பியது. என் வேலை தெரியவில்லை. மேனேஜர் தூணுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.