செவலையின் இடதுபக்கம்

செவலை மறுபடியும் தடைக்கட்டை முன்னால் நின்றுவிட்டது என்பது விசில் சத்தத்தை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. பயிற்சியாளர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். குதிரை தாண்டிவிட்டால் அது சும்மா கிடக்கும். நின்றுவிட்டால் நீளமாக ஒன்று ஊதுவார். லாயத்தில் நாங்கள் எல்லோரும் அவரையே விசில் என்றுதான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். நான் அப்போது வேறொரு குதிரையின் பின்னந்தொடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தேன். நீளமாக ஒன்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

குதிரைகளுக்கு மசாஜ் செய்வது என் வேலை. என் கணவர் தடை தாண்டும் சவாரிக்காரர். ஒரே வளாகத்தில்தான் இருவருக்கும் வேலை என்றாலும் அவர் திடலில் இருப்பார், நான் கொட்டடிக்குள் இருப்பேன். அவர் குதிரை ஓட்டுவதை நான் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததாக நினைக்கவில்லை. குதிரை திரும்பி வந்ததும் திடலில் நடந்ததை அதன் உடம்பே சொல்லிவிடும் என்று ஒரு கர்வம் எனக்கு.

அவர் செவலையை நடத்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே விசில்.

“ஏம்மா, உன் கை என்னதான் சொல்லுது?”

நான் செவலையின் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். “இடதுபக்கம் இறுகியிருக்கு. சேணத்துக்குப் பின்னாடி. போன தடவையும் இதே இடம்தான்.”

“போன தடவையும் இதே பதில்தான். நீ பிசையுற, அது நிக்குது. நீ பிசையுற, அது நிக்குது. மாவா இருந்தா இந்நேரம் ஊருக்கே சுட்டுப் போட்டிருக்கலாம்.”

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“போட்டி அணிக்கான தேர்வுச் சவாரியில நின்னுச்சுன்னா இங்க வச்சுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். வாடகைச் சவாரிக்காரங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. தள்ளிவிட்டுடுவேன்.”

என் கணவர் சேணத்தின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

வாடகைச் சவாரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் போட்ட சேணத்தைப் பொழுது சாய்ந்துதான் இறக்குவார்கள். வாழ்க்கையில் குதிரையைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏறி, பயத்தில் கடிவாளத்தைப் பிடித்து வாய் கிழிய இழுப்பார்கள். முதுகை யாரும் தடவிப் பார்க்க மாட்டார்கள். செவலையைப் போலக் கடிவாளத்தை லேசாகத் தொட்டாலே திரும்பும் குதிரை அங்கே ஒரு வருடம் தாங்காது.

அவர்கள் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். இந்த வேலையில் பாதி காத்திருப்பதுதான். கையை வைத்துவிட்டு, குதிரை அந்தக் கையை ஏற்றுக்கொள்ளும்வரை சும்மா நிற்க வேண்டும். பிறகு விரல்நுனிகளால் கழுத்தடியிலிருந்து பின்பக்கம்வரை தேடிக்கொண்டு போவேன். எங்கே தோல் துடிக்கிறதோ, எங்கே காது பின்னால் மடங்குகிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி. செவலையின் சிவந்த முடியில் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். எல்லாம் இடப்பக்கமே விழுந்தன. வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தி, பொறுத்து, விட்டு, மறுபடி அழுத்தினேன். வெகுநேரம் கழித்துச் செவலை கீழுதட்டைத் தொங்கவிட்டது. பிறகு வாய் நிறையக் கொட்டாவி விட்டது. இறுக்கம் விட்டுப்போவதன் அடையாளம் அது. மறுநாள் சவாரி முடிந்து வரும்போது அதே இடம் கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கும்.

காரணம் தேடாமல் இல்லை. சேணம் தைப்பவரைக் கூப்பிட்டேன். அவர் உள்பஞ்சை மாற்றினார். மருத்துவர் வந்து காலையும் பல்லையும் பார்த்துவிட்டுக் குறையில்லை என்றார். லாடம் அடிப்பவரிடம் போனபோது அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

“குதிரை தும்முனாக்கூட லாடம் சரியில்லன்னு சொல்ற இடம் இது. நீங்க ஒருத்தர்தான் சொல்லாம இருந்தீங்க. நீங்களும் வந்துட்டீங்களா?”

“குறை சொல்ல வரலைங்க. ஒரு தடவை பாத்துடுங்க.”

பார்த்தார். நான்கு குளம்பும் சமமாகவே இருந்தன.

வீட்டில் என் கைகளுக்கு விடுமுறை. கல்யாணமான புதிதிலேயே அப்படிச் சொல்லிவிட்டேன். நாளெல்லாம் குதிரைகளை அழுத்திவிட்டு வருபவளுக்கு இன்னொரு முதுகைத் தொட விரல் வளையாது. “குதிரைக்கு அடிச்ச யோகம் கட்டுன புருஷனுக்கு இல்ல” என்று நாத்தனார் கேலி செய்வாள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் இருவருமே அதிகம் பேசாதவர்கள். சாப்பிடும்போது தட்டில் கை படும் சத்தம்தான் கேட்கும். அந்த அமைதியில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதற்குள் வேறு எதுவும் இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை. சில மாதங்களாக அவர் உட்கார்ந்துகொண்டுதான் சாக்ஸ் போடுகிறார், மாடிப்படியில் என்னை முன்னால் போகவிட்டுப் பிறகு ஏறுகிறார் என்பதெல்லாம் கண்ணில் படத்தான் செய்தது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு போட்டிக்கு நடுவராக அவர் வெளியூர் போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் செவலையை நாத்தனார் மகள் ஓட்டினாள். அவளும் அதே லாயத்தில் சவாரிக்காரி, வாய் ஓயாது.

“அத்தை, நின்னுடும் நின்னுடும்னு எல்லாருமாச் சேர்ந்து பயமுறுத்துனீங்க. இது என்னைய இந்தப் பக்கம் விட்டுட்டு அது மட்டும் தாண்டிடும் போலருக்கு.”

ஒவ்வொரு சாயங்காலமும் புள்ளிகள் குறைந்தன. அவர் திரும்பி வருவதற்கு முந்தைய நாள் சாக்பீஸைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. என் கைதான் குணப்படுத்திவிட்டது என்று நினைத்தேன். விசிலிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

அவர் வந்தார், ஓட்டினார். அன்று சாயங்காலம் செவலையின் முதுகில் கை வைத்ததும் எடுத்துவிட்டேன். அதே இடம். அதே கயிறு.

அன்று மசாஜ் செய்யவில்லை. கொட்டடியில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். செவலை வந்து என் தோளில் மூச்சு விட்டுவிட்டுத் தீவனத்துக்குத் திரும்பிக்கொண்டது.

மறுநாள் காலை திடலுக்குப் போய், அவருக்குப் பின்பக்கமாக வேலியோரம் நின்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. முன்பெல்லாம் தரையிலிருந்தே தாவி ஏறுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது ஏறுபடி போட்டு ஏறினார். செவலை நடக்கத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. சேணம் இடப்பக்கம் சரிந்திருந்தது. அவருடைய இடது தோள் தாழ்ந்திருந்தது, வலது குதிகால் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. கனமான பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு போகிறவரைப் போல இருந்தார். வலது இடுப்பை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பாரத்தை செவலையின் இடது முதுகு வாங்கிக்கொண்டிருந்தது. இடது திருப்பத்தில் தடையை நெருங்கும்போது அது தலையைத் தூக்கி, ஒரு கணம் தயங்கி, நின்றது. தாண்டி இறங்கினால் வலிக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

குதிரையின் முதுகை அங்குலம் அங்குலமாகத் தேடியவள், அதன் மேல் உட்கார்ந்திருப்பவரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சேணங்கள் வைக்கும் அறையில் அவர் கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன்.

“வலது இடுப்பா?”

துணி நின்றது. பிறகு மறுபடி துடைத்தார்.

“எப்ப இருந்து?”

“போன வருஷத்துல இருந்தே.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ தொட்டுப் பார்ப்ப. தொட்டா உனக்குத் தெரிஞ்சிடும்.”

பக்கத்துக் கொட்டடியில் ஒரு குதிரை பலகையை உதைத்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

“இந்தத் தேர்வு ஒண்ணு போகட்டும்” என்றார். “அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

“தேர்வுல அது நின்னா அனுப்பிடுவாங்க.”

“நிக்காது.”

“நிக்கும்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் கடிவாளத்தை ஆணியில் மாட்டினார். “அப்ப ஒண்ணு செய். தேர்வன்னைக்கு, குதிரைக்கு முடியல, ஏற வேண்டாம்னு சொல்லிடு. உன் வார்த்தைக்கு மேல விசில் போக மாட்டாரு. எனக்கும் கொஞ்சம் நாள் கிடைக்கும்.”

அதுதான் எங்கள் லாயத்தின் வழக்கம். போட்டியோ தேர்வோ, அன்று காலை நான் ஒவ்வொரு குதிரையையும் தடவிப் பார்த்து ‘ஏறலாம்’ என்றோ ‘இன்னைக்கு வேண்டாம்’ என்றோ சொல்வேன். வேண்டாம் என்றால் அதோடு சரி.

“உங்களுக்கு நாள் கிடைக்கும். குதிரைக்கு? சீக்குக் குதிரைன்னு தள்ளிவிட்டுடுவாரு.”

“என்னைவிடக் குதிரை பெருசாப் போச்சா உனக்கு?”

“உங்களுக்கு வாய் இருக்கு. நீங்களே சொல்லலாம். அதுக்கு இல்ல.”

அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தேர்வு நாள்வரை நான் காத்திருந்தேன். குதிரையின் முன்னால் காத்திருப்பதைப் போலவே, கையை வைத்துவிட்டு, தானாக விடும் என்று. மனிதர்கள் அப்படி விடுவதில்லை போலிருக்கிறது. ஒரு இரவு தூக்கத்தில் வலப்பக்கம் புரளப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து படுத்தார். நான் விழித்துத்தான் இருந்தேன். கேட்டிருக்கலாம். எனக்கும் வாய் இருந்தது.

தேர்வு நாள் காலையில் செவலையின் இரு பக்கமும் தடவினேன். இடையில் மழை பெய்து இரண்டு நாட்கள் யாரும் ஏறியிருக்கவில்லை. முதுகு மெத்தென்று இருந்தது. விசில் அட்டையும் பேனாவுமாக நின்றார். என் கணவர் தலைக்கவசத்தை அணிந்து தயாராக இருந்தார். லாடக்காரரும் நாத்தனார் மகளும் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள்.

“சொல்லும்மா.”

கணவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அவர் செவலையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, ஊமைப் படமா ஓடுது? ஏறலாமா வேண்டாமா?”

“குதிரை நல்லா இருக்கு. ஏறலாம்” என்றேன். “இவரு ஏற வேண்டாம்.”

விசில் பேனாவை இறக்கினார். “எவரு?”

“இவருக்கு வலது இடுப்பு சரியில்ல. அந்தப் பாரமெல்லாம் இடதுபக்கம் இறங்குது. அதனாலதான் இது நிக்குது. இவரு இல்லாதப்ப நிக்கவே இல்லையே.”

லாடக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்து, என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். விசில் மெதுவாகக் கேட்டார், “உண்மையாப்பா?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, கால் நுழைக்கும் அங்கவடியின் வாரை அவிழ்த்தார். இரண்டு துளை மேலே ஏற்றிக் கொக்கியை மாட்டினார். மறுபக்கம் சுற்றிப் போய் அதையும் ஏற்றினார். தன் காலின் உயரத்தை அக்கா மகளின் காலுக்குக் குறைத்துக்கொண்டிருந்தார் என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

“வா, ஏறு” என்றார் அவளிடம்.

“மாமா, நான் எப்படி...”

“ஏறுன்னா ஏறு.”

அவள் ஏறியதும் வண்டிகள் நிற்கும் பக்கமாக நடந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடப்பதை அன்று அவர் மறைக்கவில்லை.

செவலை ஒரு கட்டையைத் தட்டிவிட்டது. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. விசில் அதை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, “மாமா என்னைய வெட்டிப் போட்டுடுவாரு” என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டியில் பேச்சில்லை. இது எங்களுடைய பழைய அமைதி இல்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை நீடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த அவர் சொன்னார், “நாலு பேர் முன்னாடி வச்சுச் சொல்லியிருக்க வேண்டாம்.”

“ஆமா” என்றேன்.

குழாயைத் திறந்தார், மூடினார்.

“இடது திருப்பத்துல அவ அவசரப்படுறா. அந்தக் கட்டை விழுந்தது அதனாலதான்.”

“நீங்க பாத்தீங்களா?”

“வண்டிக்குள்ள இருந்து தெரிஞ்சுது. அவகிட்ட சொல்லிடு.”

“நீங்களே சொல்லுங்க.”

தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, “நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு லாயத்துக்கு வரேன்” என்றார்.

“நான் கூட வரட்டுமா?”

“வேண்டாம்.”

சரி என்றேன். அவருக்கு என் மேல் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் அவசரப்படுத்தவும் இல்லை.