செல்லக்கனி பிறந்த வீடு

என் அம்மா ஏசம்மாளை 1941 ஆவணியில் அடக்கம் செய்தோம். கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், அவள் வெட்டித் திருத்திய நிலத்திலேயே குழி எடுத்தோம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அது உடைமரமும் கள்ளியுமாகக் கிடந்த காடு. கிணறு வெட்டும் தொழிலாளியான என் அப்பா நேசையனும் அவளுமாகத்தான் அங்கே முதலில் குடிசை போட்டார்கள். பாதிக் காடு வெட்டியிருந்தபோது மலைக்காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அப்போது இரண்டு வயது. என்னை மரத்தடியில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு, மீதிக் காட்டை அம்மா ஒற்றை ஆளாக வெட்டினாள். பன்றி வராமல் இருக்க நாலு பக்கமும் கல் அடுக்கிச் சுவர் எழுப்பினாள். எட்டு ஏக்கர். ஊரில் அதற்கு ஏசம்மா காடு என்றே பேர்.

அடக்கம் முடிந்ததும் சபை உபதேசியார் ஞானராஜ் அடக்கப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார்.

"இன்பம், அம்மாவோட தகப்பனார் பேரு என்ன?"

"தெரியாதுங்கய்யா."

"பொறந்த ஊரு?"

அதுவும் தெரியவில்லை. அவர் இரண்டு இடத்தையும் வெறுமனே விட்டுவிட்டு மூடினார். நாற்பது வயது மகள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. சின்ன வயதில் கேட்டால், "இதுதாம்ட்டி நம்ம ஊரு" என்று நிலத்தைக் காட்டுவாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நானும் கல்யாணமாகி, ராஜபாளையத்துக்குப் போய், மில் வேலையில் சேர்ந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலில் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு மில் லீவு. பஸ் ஏறிப் போனேன். ஆராதனை முடிந்ததும், கோயில் கணக்குகளைப் பார்க்கிற அருளப்பன் பழைய கல்யாணப் புத்தகங்களை எடுத்துவந்து பொறுமையாகப் புரட்டினார். 1899-இல் அவர் விரல் நின்றது.

"நேசையன், வயசு இருபத்தஞ்சு. ஏசம்மாள், வயசு பத்தொம்பது. முந்தின பேரு செல்லக்கனி. தகப்பன் ஐயாதுரை. ஊரு வ. புதுப்பட்டி." அவர் நிமிர்ந்து பார்த்தார். "பக்கந்தானம்மா."

பக்கம்தான். எங்கள் நிலத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அந்த ஊர் மண்ணை அம்மா மிதித்து நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிறு புதுப்பட்டி போனேன். ஐயாதுரை இறந்து முப்பது வருஷம் ஆகிறது என்றார்கள். அவர் மகன் சமுத்திரத்தின் வீட்டைக் காட்டினார்கள். தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் அதே குறுகிய நெற்றி.

"யாரு தாயி?"

"நான் செல்லக்கனி மக."

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "அக்கா இருக்காளா?"

"போன மாசம் அடக்கம் பண்ணிட்டோம்."

அவர் மனைவி பிச்சையம்மாள் என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பாய் போட்டாள். சமுத்திரம் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க கெணறு வெட்டத்தான் உங்கப்பா வந்தாரு. அக்கா அவரு கூடப் போனதும் எங்கய்யா தலைமுழுகிட்டாரு. நாலு வருசம் கழிச்சு உங்கப்பா தவறிட்டாருன்னு சேதி வந்துச்சு. அய்யா என்னை அனுப்பிவச்சாரு. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு."

"எங்க காட்டுக்கு வந்தீங்களா?"

"வந்தேன். அய்யா கூப்புடுதாரு, வந்துரு, ஆனா பிள்ளைய மட்டும் எங்கயாவது மிஷன் ஆசுரமத்துல விட்டுட்டு வான்னு சொன்னேன். அவரு சொல்லிவிட்டது அதான்."

பிள்ளை என்றது என்னைத்தான்.

"அம்மா என்ன சொன்னா?"

"முதல்ல சாப்புடுன்னு கூழ் ஊத்துனா. குடிச்சு முடிச்சதும், ரெண்டு பேரையும் சேத்துக் கூப்புடுறதுன்னா கூப்புடச் சொல்லு, இல்லன்னா யாரும் வரவேண்டாம்னா. கோவமாக்கூடச் சொல்லல. திரும்பிப் போய்க் கல்லடுக்க ஆரம்பிச்சுட்டா."

என்னை விட்டிருந்தால் அவளுக்குச் சோறும் வீடும் ஆட்களும் இருந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு நாள்கூட, என்னைத் திட்டும்போதுகூட அவள் சொன்னதில்லை.

"உங்கய்யா செத்த பொறவாவது வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரதுன்னு ஒவ்வொரு வருசமும் தள்ளிப்போட்டேன். அம்புட்டுத்தான் தாயி. வேற காரணம் ஒண்ணுமில்ல."

நான் எழுந்துவிட்டேன். "செத்த நேரம் இரு, சாப்புட்டுப் போ" என்று பிச்சையம்மாள் கையைப் பிடித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வீட்டில் சோறு இறங்காது என்று தோன்றியது. தெரு முனை தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். சமுத்திரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் வரச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருவரும் கூமாப்பட்டி தாண்டி நடந்தோம்.

நிலத்துக்கு வந்ததும் அவர் சுவரை ஒட்டியே ஒரு சுற்று நடந்தார். இடுப்பு உயரக் கற்கள் இருந்த இடத்தில் நின்று, "இதை யாரு புரட்டிக் குடுத்தது?" என்றார்.

"யாருமில்ல. கடப்பாரை போட்டு அவளே நெம்புவா. நான் கீழ சில்லுக்கல்லு வைப்பேன்."

அம்மாவின் குழிமேட்டருகே உட்கார்ந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தள்ளி நின்றேன்.

ஐப்பசியில் நல்ல மழை. நிலத்தை யாரிடமாவது குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் பார்க்கப் போனேன். போனால் பாதி நிலம் உழுது கிடந்தது. மீதியில் சமுத்திரம் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கேக்காம எறங்கிட்டேன். வேண்டாம்னா நிறுத்திக்கிடுதேன்" என்றார்.

கோபம் இருந்தது. ஆனால் ஈரம் காயுமுன் உழவு முடிய வேண்டும் என்று அம்மா பதறுகிற பதற்றமும் எனக்குள் இருந்தது.

"ஓடைப் பக்கம் சோளம் போடுவா. இந்தப் பக்கம் பருத்தி" என்று காட்டினேன்.

தலையாட்டிவிட்டு ஏரைப் பிடித்தவர், திரும்பாமலே கேட்டார். "அக்கா எப்பவாவது என்னையப் பத்திச் சொல்லியிருக்காளா?"

பொய் சொல்லியிருக்கலாம். அம்மா பொய் சொல்லாதவள்.

"ஒண்ணும் சொன்னதில்ல, மாமா."

"சரி" என்றார் அவர். மாடுகளை அதட்டினார், ஏர் நகர்ந்தது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏர்க்கொழுவில் கிளம்பிய வேர்களைப் பொறுக்கி வரப்பில் போட்டபடி அவர் பின்னால் நடந்தேன்.