கிணற்றுக்குப் பல் விளக்கியவள்

கையில் ஒரே ஒரு போத்தல் சரக்கு இருந்தால் எந்த வியாபாரியும் விலையை ஏற்றிவிட்டுக் கால் நீட்டிப் படுப்பான். சுலோஜனா வியாபாரி இல்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நீர்ப்பாசி ஆராய்கிறவள்.

போத்தலுக்குள் இருந்தது, நாவலடியில் அவள் வீட்டு நன்னீர்க் கிணற்றுக் கல்லில் சுரண்டிய பாசி. அதற்குள்ளே டயற்றம் என்கிற ஒற்றைக்கல உயிர்கள், ஒவ்வொன்றும் கண்ணாடி ஓட்டுக்குள் குடியிருந்தன. அதில் ஒன்று உலகத்தில் எவரும் இன்னும் பேர் வைத்து எழுதாத இனம்.

சுரண்டியது புருசன் மதுரனின் பல் பிரஷ்ஷால்.

"கிணத்துக்கும் பல்லு விளக்கிறியா புள்ள? நாளைக்கு மாட்டுக்குச் சவரமும் எடுப்பாய்!" என்றான் அவன். "புதுசு ஒண்டு வாங்கித் தந்திரு."

போத்தலை வளாகத்தில் வைத்துவிட்டு, செங்கலடியில் தாய் வீட்டில் அவள் தங்கிய ஞாயிறன்று கடல் நாவலடிக்குள் ஏறி வந்தது. வீட்டையும் மதுரனையும் கொண்டுபோனது. கிணற்றை உப்பு மணலால் மூடியது.

அதற்குப் பிறகு நாலு வருடத்துக்கு மேலாக அவள் பாடம் நடத்தினாள், சோறு தின்றாள், போத்தலைத் தொடவில்லை. யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடிச்சத்தம் கேட்ட அன்று, "சீனவெடியா, மற்ற வெடியா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

கூட வேலை செய்யும் ஏறாவூர் நிஸ்மியா அந்தக் கிழமை பிடித்துக்கொண்டாள். "வேற எவனும் கண்டு பேர் வைக்க முந்தி எழுதிருவம் கா."

எழுதுவதானால் ஓட்டின் கோடுகள் தெரியவேண்டும். அதற்குப் பாசியை அமிலத்தில் அவிக்கவேண்டும். உயிர் இருந்ததெல்லாம் கரைந்து கண்ணாடி மட்டும் மிஞ்சும். அந்த வீட்டில் மிஞ்சியதோ இந்தப் போத்தல் மட்டும்.

"பாதி," என்றாள் சுலோஜனா.

"பாதியில ஓடு காணாது."

"முக்கால்."

"ஏறாவூர்க்காரியோட பேரம் பேசாத. அந்த இனம் ஆயிரத்தில ஒண்டுதான் கிடக்கு. முழுசும் வேணும்."

சுலோஜனா முழுவதையும் கண்ணாடிக் குவளையில் ஊற்றினாள். அடியில் நீல நிறத்தில் ஒரு மயிர் கிடந்தது, பிரஷ்ஷின் நைலோன் மயிர். அமிலம் அதையும் தின்றுவிடும். இடுக்கியால் எடுத்து வைத்தாள்.

"என்ன கா அது?"

"மதுரன்ட பிரஷ்."

நிஸ்மியா அதற்குப் பேரம் பேசவில்லை.

அமிலம் கொதித்தது. பச்சை போய், வெண்ணிறத் தூள் படிந்தது. நுணுக்குக்காட்டியின் கீழே ஓடுகள் துலக்கமாக, வெறுமையாகக் கிடந்தன. சுலோஜனா கோடுகளை அளந்து எழுதினாள்.

கடைசியில் நீல மயிரையும் ஒரு கண்ணாடிச் சிலைட்டில் வைத்து, பசை விட்டு மூடி, ஓடுகளின் சிலைட்டுகள் இருந்த பெட்டியிலேயே சொருகினாள்.

"இதில லேபலுக்கு என்ன எழுத?"

"ஒண்டும் வேணாம் கா," என்றாள் சுலோஜனா. "அது புது இனமில்ல."